ராக் இசையும் நம் காதுகளும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் நிகழ்த்திய உரை)



அடுத்த ஆண்டு மாலை நிகழ்ச்சிக்கு ராக் இசைக்குழு ஒன்றை அழைக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். "காது போயிரும்ப்பா, பட்டிமன்றமே போதும்" என்கிறார்கள் மூத்தவர்கள். இயற்பியல் படித்துவிட்டுத் திருவேங்கடத்தில் 30 வருஷம் மைக்செட் கடை நடத்தியவன் என்பதால், நடுவில் நின்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார் செயலாளர்.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் பேரனுக்கு 11 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். அதே பிள்ளை குற்றாலம் பேரருவிக்குக் கீழே அரைமணி நேரம் நின்றாலும் "இன்னும் கொஞ்சம் தாத்தா" என்பான். அருவி இரைச்சல் சின்னச் சத்தமா? இல்லை. ஆனால் அது சீரானது, எதிர்பார்த்தது, வேண்டாமென்றால் விலகி வந்துவிடலாம். விசில் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. ஆகவே டெசிபல் ஒன்றை மட்டும் வைத்து இசையை எடை போட முடியாது.

மேடை ராக்குக்குச் சத்தத்தில் பெரிய பெயர் உண்டு. தி ஹூ என்ற ஆங்கிலேயக் குழு 1976இல் லண்டனில் நடத்திய கச்சேரியில், 32 மீட்டர் தள்ளி அளந்தபோது 126 டெசிபல் இருந்ததாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. காது கெடுவதை ஊக்கப்படுத்தக் கூடாது என்று பின்னாளில் அந்தப் பிரிவையே கைவிட்டார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தம் காது கெட்டதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் வாரத்துக்குச் சுமார் 20 நிமிஷந்தான். கச்சேரி அரங்குகளில் 15 நிமிஷ சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, காதுக்கு ஓய்வு தர அமைதியான இடம் ஒன்று இருக்க வேண்டும் என்று 2022இல் அந்நிறுவனம் வரையறுத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவையெல்லாம் காது கெடாமலிருக்க வகுத்த எல்லைகள். சத்தம் தாங்காதவருக்கு இதற்கு வெகு கீழேயே வேதனை தொடங்கிவிடும்.

அந்த வரிசையில் நாமும் இருக்கிறோம், நண்பர்களே! வயதாகி உள்காது தளர்ந்தவருக்கு மெல்லிய பேச்சு கேட்காது. "சத்தமாச் சொல்லுப்பா" என்பார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் "ஏன்லே கத்துத?" என்பார். வீட்டில் இதைக் குணக்கேடு என்று நினைக்கிறார்கள். அது காதின் கோளாறு. கேட்கும் அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் அவருக்குச் சுருங்கிவிடுகிறது.

சரி, ஒரு ராக் பாட்டை எப்படி எடை போடுவது? நான் ஐந்து கேள்வி கேட்பேன்.

முதலாவது, ஏற்ற இறக்கம். நிர்வாணா குழுவின் 1991ஆம் வருஷத்துப் பாட்டு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'டில் சரணம் அடங்கிப்போகும், பல்லவி வெடிக்கும். அடங்கிய இடம் கேட்கும்படி வால்யூமை வைத்தால், வெடிக்கும் இடம் அடிக்கும். தொடக்கம் முதல் ஒரே சீராக முழங்கும் பாட்டோ, குறைத்து வைத்தால் சாதுவாகிவிடும்.

இரண்டாவது, கரகரப்பு. ஆம்ப்ளிஃபயரைத் தாங்குசக்திக்கு மேல் ஓட்டி அலையின் தலையைச் சீவுவதால்தான் ராக் கிட்டாருக்கு அந்த உறுமல் வருகிறது. அதில் மேல்ஸ்வர அலைகள் பல முளைக்கும். கூடவே ஜால்ரா போன்ற பெரிய தட்டுகளும் சேர்ந்தால் சிலருக்குப் பல் கூசும்.

மூன்றாவது, அடிநாதம். பாஸ் பெட்டியின் அதிர்வு நெஞ்சில் இடிக்கும். பஞ்சு அடைப்பான் மேல்ஸ்வரத்தைத் தடுக்கிற அளவுக்கு இதைத் தடுக்காது.

நான்காவது, இடம். நாகஸ்வரமும் தவிலும் வீதி உலாவுக்காகப் பிறந்தவை. சங்கரன்கோவில் ரதவீதியில் அமிர்தமாக இருப்பது சின்னக் கல்யாண மண்டபத்துக்குள் மண்டையைப் பிளக்கும். ராக்கும் அப்படித்தான். திறந்தவெளியில் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். தகரக் கூரை அரங்கில் அந்தச் சலுகை கிடையாது.

ஐந்தாவது, கூட வருபவை. கண்ணைப் பறிக்கும் விளக்கு, புகை, நெரிசல், வெளியே போக வழியில்லாத இருக்கை. காது தாங்கினாலும் மனசு தாங்காது.

என் பேரனுக்கு இப்படித்தான் பாட்டுகளைப் பிரித்துக் கொடுத்தேன். முதலில் முழுப்பாட்டையும் மெல்ல வைத்து, "இந்த இடத்துல டிரம்ஸ் வரும்" என்று விரல் காட்டிச் சொல்வேன். இரண்டாம் முறை அவனே விரல் காட்டுவான். இன்று எங்கள் வீட்டில் ராக் கேட்பவன் அவன்தான்! சத்தம் தாங்காதவர்களுக்கு இசை பிடிக்காது என்று நாமாக முடிவு கட்டி, அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம். அது அநியாயம்.

எனவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். குழுவை அழையுங்கள். திறந்த மைதானத்தில் வையுங்கள். குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். பாட்டு வரிசையை முன்கூட்டியே அச்சிட்டு, வெடிக்கும் பாட்டுக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள். வாசலில் காதடைப்பான் கிடைக்கட்டும். சற்றுத் தள்ளி ஒரு வகுப்பறையைத் திறந்து, விளக்கைக் குறைத்து வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் வருஷத்து ஒலிமாசு விதிகளே சொல்கின்றன. 9 மணிக்கே முடித்தால் சாப்பாடும் ஆறாது.

மைக்செட் பொறுப்பை நானே ஏற்கிறேன், வாடகை வேண்டாம். உங்கள் வீட்டில் "இதெல்லாம் அவருக்கு ஆகாது" என்று விட்டுவிட்டு வருகிற ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள்.