வேலியடி மண்ணின் செல்வம்



காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை முள்வேலி அமைத்தல் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கமாகும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளரும். அவ்வேலி கால்நடைகளுக்குக் காவலாவதுடன் மண்ணுக்கும் ஓர் உபகாரம் செய்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை.

செடிகள் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைவழியே உட்கொண்டு, அதிலுள்ள கரியைக் கொண்டே தண்டும் வேரும் ஆக்குகின்றன. உலர்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மக்கும்போது அதில் ஒரு பகுதி மண்ணில் சேர்கிறது. உழுத நிலத்தில் மண் கிளறப்பட்டுக் காற்றுப் புகுவதால், மக்கு விரைவில் அழிந்து மீண்டும் வாயுவாகிறது. வேலியடியில் கலப்பை படாமையால் அது தங்குகிறது. சரிவான நிலத்தில் மழைநீர் அடித்து வரும் மேல்மண்ணையும் வேலி தடுத்து நிறுத்தும்.

ஐரோப்பிய நாடுகளில் அளந்து பார்த்ததில், உழுநிலத்தைவிட வேலியடி மண்ணில் கரி அதிகமென்று தெரிந்தது. மேய்ச்சல் நிலத்தோடு ஒப்பிடின் வித்தியாசம் குறைவே. இப்பலன் வேலியடியிலும் அதையடுத்த சில கெஜ தூரத்திலுமே உண்டு. நிலம் முழுவதும் பரவுமென்று எண்ணலாகாது.

"வேலி நிலத்தைத் தின்கிறது" என்று கருதிச் சிலர் கிளுவையைத் தோண்டியெறிந்து, கடன்பட்டுக் கம்பிவேலி போடுகின்றனர். கணக்கைக் கவனிக்க வேண்டும். நான்கு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 1,670 அடி. வேலி 5 அடி அகலமாயின், அது கொள்ளும் இடம் இருபதில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. பக்கத்து நிலத்தாருடன் பொதுவேலியாயின் அதிலும் பாதியே. கம்பி துருப்பிடிக்கும்; கடனுக்கு வட்டி ஏறும். கிளுவையோ கழி நட்டாலே துளிர்த்துவிடும். மேலும், பல்லாண்டுகளாக மெல்லச் சேர்ந்த கரி, வேலியைப் பெயர்த்து உழுதபின் சேர்ந்ததைவிட வேகமாய்க் கழிந்துபோகும்.

ஆதலின், வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் மழைக்கு முன் கழி நட்டு நிரப்புக. வெட்டிய தழையைக் கொளுத்தாமல் வேலியடியிலேயே பரப்புக. வேரை ஒட்டி ஏர் ஓட்டாதிருக்க. கம்பிவேலிக்குக் கடன் மனு எழுதுமுன், ஒவ்வோர் அங்கத்தினரும் தம் முன்னோர் வைத்த வேலியை ஒருமுறை சுற்றி வந்து, அதனடி மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பாராக.