கருத்தா எங்கே?

தொடர்புசாதனங்களைப் படிக்க மாணவரைப் பழக்குவதில் மொழியாசிரியரின் பங்கு என்ன என்பது பற்றி இன்று பேசுகிறேன். என் தவறொன்றிலிருந்து தொடங்குவதே நேர்மை.

மழைக்காலத்தில் ஓரிரவு, "நாளை பாடசாலைகள் மூடப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது" என்ற செய்தி என் கைத்தொலைபேசிக்கு வந்தது. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. என் பத்தாந்தர மாணவரின் பெற்றோருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். பொய்ச்செய்தி என்பது விடிந்த பின்னரே தெரிந்தது. அன்று வகுப்பில் ஆறு பேர். ஒருவன் கேட்டான்: "அறிவித்தது யார், சேர்?"

பல வருடங்களாகச் செயப்பாட்டுவினை கற்பிப்பவன் நான். 'கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 'கண்ணனால்' என்பதை அழித்தாலும் வாக்கியம் குறையின்றி நிற்கும் என்பதை மட்டும் காட்டியதில்லை.

இப்போது காட்டுகிறேன். ஒரே சம்பவம் பற்றிய இரு பத்திரிகைச் செய்திகளைக் கொடுத்து, கருத்தாவைக் கோடிடச் சொல்கிறேன். ஒன்றில் 'தாக்கினர்' என்றிருக்கும். மற்றதில் 'தாக்கப்பட்டனர்' என்றிருக்கும். "அப்படியென்றால் இரண்டாவது பொய்யா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. செய்தவர் யாரெனத் தெரியாத நிருபர் நேர்மையாகவும் அப்படி எழுதலாம். தெரியாமல் விட்டாரா, தெரிந்தே மறைத்தாரா என்று கேட்பதுதான் பயிற்சி.

இது வெறும் இலக்கண விளையாட்டன்று. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரங்களின் பின், மே 12 ஆம் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். அழவைப்பவர் யார் என்று அதில் இல்லை. அந்த வெற்றிடத்தை அச்சம் நிரப்பியது. அடுத்த தாக்குதலுக்கான மிரட்டலென்று அதைப் பலர் வாசித்தனர். கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் வன்முறை வேறு ஊர்களுக்கும் பரவியது.

சாதாரண தரத்தில் 'தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்' என்றொரு பாடம் உண்டு. அது விரும்பியவர் தெரிவது. தாய்மொழியோ எல்லா மாணவருக்கும் உரியது. ஆகவே இந்தப் பொறுப்பை அப்பாடத்தின் ஆசிரியரிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. அதற்கான கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

சற்று முன் 'கல் விழுந்தது' என்றேன். எறிந்தவர் யாரென்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்?