நாடகமேடை ஒரு பள்ளிக்கூடம்

(யூபிலி விழாக் கலைநிகழ்ச்சியைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)



நம் சங்கரன்கோவில் வட்டாரம் நாடகத்துக்கு அந்நியமான மண் அன்று. தென்கிழக்கே தூத்துக்குடிப் பக்கத்தில் 1867இல் பிறந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தென்மேற்கே செங்கோட்டையில் பிறந்து, கணீரென்ற குரலால் நாட்டையே கட்டிப்போட்ட எஸ். ஜி. கிட்டப்பா அவரிடம் பயின்றவர். அந்தச் சுவாமிகள் கண்ட நாடக சபையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

உப்பளத்தில் கணக்கெழுதிக் கொண்டிருந்த சுவாமிகள், 24ஆம் வயதில் நாடகத்துக்கு வந்தார். அக்காலத்தில் நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். போட்டிக்குப் போட்டி பாடுவார்கள். கதை எங்கோ போய்விடும். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் வரையறுத்து எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி மட்டுமல்ல. தேவமாதாவின் அருளால் இழந்த கரங்களைப் பெற்ற ஞானசௌந்தரியின் கதையையும் நாடகமாக்கினார். 1910இல் அவர் தொடங்கிய சபைக்கு வைத்த பெயரே 'சமரச சன்மார்க்க நாடக சபை'.

ஆனால் பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு இணங்கவில்லை. ஆகவே 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று சிறுவர்களைக் கொண்டே ஒரு சபை கண்டார். அங்கே அவர்தான் வாத்தியார். தமிழ் உச்சரிப்பு, பாட்டு, நடிப்பு, ஒழுக்கம் எல்லாம் அங்கேயே பாடம். அவ்வாண்டே சேர்ந்தவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு!

இதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. தாய்மடியை விட்டு ஊர் ஊராகப் போனார்கள், இரவெல்லாம் விழித்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை ராஜபார்ட்டாக இருந்தவனை இன்று கேட்பாரில்லை. இன்று நம் பிள்ளைகள் பள்ளியையும் வீட்டையும் விடாமலே நடிக்க முடிகிறதே, அது பெரிய பாக்கியம்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் சுவாமிகளின் பேச்சைப் பறித்தது. 1922இல் புதுவையில் மறைந்தார். ஆனால் அவர் கற்பித்த பிள்ளைகள் பேசினார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தச் சபை தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். கிராமக் கொடைகளில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. வெவ்வேறு ஊர் நடிகர்கள், ஒத்திகையே இல்லாமல் ஒரே மேடையில் சேர்ந்து விடிய விடிய நடிக்கிறார்களே, எப்படி? எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் ஒன்றுதான்!

அன்பர்களே, கட்டிடம் நூறாண்டு நிற்கும். கலை நிற்க வேண்டுமானால் கற்பிக்க ஒருவரும் கற்க ஒரு பிள்ளையும் வேண்டும். பாட்டும் வசனமும் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றிரவு திரை விழுந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பிரிந்துவிடாமல், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். விழா சிறக்க வாழ்த்துகிறேன்.