இழுப்பறையின் மூலை

அண்மையில் என் மகளின் படிப்பு மேசைக்கு ஓர் இழுப்பறை செய்ய முனைந்தேன். மூலைகளுக்கான புறாவால் பற்களை, அச்சுச் சட்டத்தில் பலகைகளைப் பிணித்து, ரூட்டர் இயந்திரத்தால் வெட்டினேன். பற்கள் இறுக்கமாகவே பொருந்தின. ஆயினும் பக்கப் பலகையின் மேல்விளிம்பு, முகப்புப் பலகையினும் அரை நூல் தாழ்ந்து நின்றது.

அலகின் ஆழத்தை மாற்றி மாற்றி வெட்டினேன். மூன்று ஜோடித் தேக்குப் பலகைகள் வீணாயின. தேக்கு விற்கும் விலையில் இதை வீட்டில் சொல்லக் கூசினேன்.

ஆழம் இறுக்கத்தை மட்டுமே ஆளும். அலகு மிகுதியாக இறங்கினால் பொருத்து இறுகும், குறைந்தால் தளரும். விளிம்புகள் ஒத்து நிற்பதோ வேறு சங்கதி. வெட்டும்போது இரு பலகைகளும், பற்களின் இடைவெளியில் பாதியளவு பக்கவாட்டில் விலகி நிற்றல் வேண்டும். என் சட்டத்தில் இடைவெளி 7/8 அங்குலம். எனவே விலகல் 7/16 அங்குலம். இவ்விலகலைக் காப்பவை ஓரத்துத் தடுப்புகள். பக்கப் பலகைக்கும் அதன் தடுப்புக்கும் நடுவே சிறு மரச்சில்லொன்று சிக்கியிருந்தது!

அதைத் துடைத்தெறிந்து, கழிவு மரத்தில் வெட்டிப் பார்த்தேன். விளிம்புகள் ஒத்தன. எஞ்சியிருந்த ஒரே ஜோடித் தேக்கை அதன் பிறகே எடுத்தேன்.