மருத்துவச் செலவும் மூத்தோர் மனமும்

(ஆலய மூத்தோர் நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



அன்னதானத்துக்கு அரிசி மூட்டை கேட்டால் யோசிக்காமல் தரும் நம் முதியோர், தம் உடம்புக்கு என்றால் கணக்குப் பார்க்கிறார்கள். பந்தி பரிமாற வரும் ஓர் அம்மா, மார்பில் கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். "மகனுக்கு மூணு பிள்ளைங்க வாத்தியாரய்யா, நான் வேற ஆஸ்பத்திரிச் செலவு வைக்கணுமா?" என்றார். தம் பெயரில் காப்புறுதி இருப்பதே அவருக்குத் தெரியாது.

மெடிஷீல்டு 1990இல் தொடங்கியபோது அதற்கு வயது வரம்பு இருந்தது. ஏற்கெனவே கடும் நோய் உள்ளவர்களுக்கும் இடமில்லை. யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களே வெளியே நின்றார்கள். 2015 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ள மெடிஷீல்டு லைஃப், சிங்கப்பூரர், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுதும் உண்டு. பழைய நோய் இருந்தாலும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வார்டில் தங்காமல் பெறும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கும் தொகை கிடைக்கும்.

எல்லாம் இலவசம் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணத்தின் முதல் பகுதி நம்முடையது. அதற்கு மேல் உள்ளதில் 3 முதல் 10 விழுக்காடு நம் பங்கு, வரம்புகளும் உண்டு. நம் பங்குக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம். அரசாங்க மருத்துவமனையின் பி2, சி வகுப்புக் கட்டணத்தை வைத்தே திட்டம் வகுக்கப்பட்டது. கௌரவத்துக்காக ஏ வகுப்பு கேட்டால் பாக்கி பிள்ளைகள் தலையில்தான்!

சந்தா வயதோடு ஏறும், உண்மை. ஆனால் அதை நம் மெடிசேவிலிருந்தோ பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தோ கட்டலாம். 1949 இறுதிக்குள் பிறந்து, 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்ற முன்னோடித் தலைமுறையினருக்குச் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடு கழிவு. கட்ட வழியே இல்லாதவருக்காக உதவி உண்டு; காப்பு நின்றுவிடாது.

இவையெல்லாம் ஆங்கிலக் கடிதங்களாக வந்து, பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. ஆகவே நன்கொடையாளர்களே, இம்முறை நான் கேட்பது பணம் அன்று. படித்துச் சொல்ல வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம். பூசை முடிந்ததும் அலுவலகத்தில் மேசை போட்டிருப்போம். மூத்தோர் கடிதங்களோடு வரட்டும். மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம்.