யார் அந்த வாலண்டியர்?

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வாலண்டியர்' என்கிற ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். தானாக விரும்பி முன்வருகிறவர் என்று அகராதி சொல்லும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்க: அந்த ஆள் எந்த இடத்தில் நின்றுகொண்டு சரின்னு சொன்னான்?

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில், போதைக்கு அடிமையானவர்களுக்கென்று 1935இல் அரசு ஒரு மருத்துவமனை திறந்தது. பேருதான் மருத்துவமனை. உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் தண்டனைக் கைதிகள். அங்கிருந்த ஆராய்ச்சி மையத்தை நடத்திய டாக்டர் ஹாரிஸ் இஸ்பெல், 1950களில் கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தார். பின்னால் சி.ஐ.ஏ. பணம் இருந்தது. சோதனைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.

எல்.எஸ்.டி. என்ன செய்யும்? ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். சுவர் மூச்சு விடுற மாதிரி அசையும். எதிரே நிற்கிறவர் முகம் கோணும். நேரம் நகராது. சிலருக்குச் சாவு பயமே வந்துவிடும். தினமும் கொடுத்தால் சில நாளிலேயே உடம்பு பழகி, வேகம் குறைந்துவிடும். இஸ்பெல் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று அளவைக் கூட்டினார். ஏழு பேருக்கு 77 நாள் விடாமல் கொடுத்தார்.

இதுக்குக் கூலி என்ன தெரியுமா? தண்டனையில் கொஞ்சம் கழிவு. இல்லேன்னா மார்ஃபின், ஹெராயின். பலர் கேட்டது போதைமருந்தைத்தான். போதையிலிருந்து மீட்கிறோம்னு சொன்ன இடத்திலேயே போதையைக் கூலியாகக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இதைத்தான் சம்மதம் என்று எழுதிவைத்தார்கள்.

இவ்வளவும் 1947க்குப் பிறகு. நாஜி மருத்துவர்களை நூரம்பர்க்கில் விசாரித்த அமெரிக்க நீதிபதிகள், சுயமான சம்மதம் இல்லாமல் மனித உடலில் சோதனை கூடாது, அதில் எந்த வற்புறுத்தலும் இருக்கக் கூடாது என்று தீர்ப்பில் எழுதிய ஆண்டு அது. அந்த விதி தோற்றவனுக்கு மட்டும்தான் போலிருக்கு.

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை இதே கதை. தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அழகுக் களிம்பிலிருந்து டையாக்சின் விஷம் வரை கைதிகளின் தோலில் தடவிப் பார்த்தார். 1960களில் ராணுவமும் உள்ளே வந்து, புத்தியைக் கலக்கும் வேதிப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தது. அங்கேயும் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஜாமீன் கட்டக் காசில்லாமல் கிடந்தவன், அந்தக் காசுக்காகவே முதுகைக் கொடுத்தான். நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது எப்போது? 2022இல்.

சிறைக்கு வெளியேயும் கேளுங்க. 1958இல் ஜேம்ஸ் ஸ்டான்லி என்ற ராணுவ வீரர், விஷவாயுத் தடுப்பு உடைகளைச் சோதிக்கிறோம் என்ற பேச்சை நம்பிப் பேர் கொடுத்தார். சொல்லாமலே எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். பிறகு ராத்திரியில் எழுந்து மனைவி பிள்ளைகளை அடிப்பார். அப்புறம் ஒன்றும் ஞாபகம் இருக்காது. குடும்பம் உடைந்தது. 1975இல் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது: 1958இல் எல்.எஸ்.டி. சோதனையில் கலந்துகொண்ட 'வாலண்டியர்'களைத் திரும்பப் பரிசோதிக்கிறோம், ஒத்துழையுங்கள் என்று. அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. வழக்குப் போட்டார். பணியோடு சேர்ந்த காயம், வழக்குச் செல்லாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது.

இதில் இன்னொரு கொடுமையையும் கவனிக்கணும். இல்லாததைப் பார்க்க வைத்தவனை யாரும் கேட்கவில்லை. பார்த்தவன் வாய் திறந்தால், கைதி, போதைக்காரன், பைத்தியக்காரன் பேச்சு என்று தள்ளிவிடலாம். அவன் கண்டது ஆய்வுக் கட்டுரையில் அட்டவணையாக ஏறியது. அவன் சொன்னது எதிலும் ஏறவில்லை. 1975இல் செனட் விசாரணைக்கு லெக்சிங்டன் கைதிகள் வந்து பேசும்வரை இருபது வருசம் போய்விட்டது.

1972இல் பம்பாயில் நம் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துத் தங்களுக்குத் தலித் சிறுத்தைகள் என்று வைத்துக்கொண்டார்கள். அது சும்மா வைத்த பெயர் இல்லை. மலக்குழியில் இறங்குகிறவனைப் பார்த்து, "அவனா விரும்பித்தானே இறங்குறான், யாரு கட்டாயப்படுத்துனா?" என்று கேட்கிற குரலும், லெக்சிங்டனில் கையெழுத்து வாங்கிய குரலும் ஒரே குரல்தான்.

மருத்துவம் படிக்கிற தோழர்கள் இங்கே இருக்கீங்க. நாளைக்கு உங்க கையிலேயும் ஒரு சம்மதப் படிவம் வரும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முடியாதுன்னு சொன்னால் அவருக்கு என்ன போய்விடும் என்று முதலில் கேளுங்க. சோறோ, விடுதலையோ, சிகிச்சையோ போய்விடும் என்றால், அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீங்க.