மடிக்கணினிக்குள் குடியிருப்பது யார்?

(திருவொற்றியூர்ப் படிப்பகமொன்றில் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கமாக இம்மேடைக்கு ஏடுகளோடு வருவேன். இன்று பழைய மடிக்கணினி ஒன்றோடு வந்திருக்கின்றேன். மூடியின்மேல் தமிழ்நாட்டரசின் கோபுர இலச்சினை மங்கித் தெரிகின்றது. திருகாணிகளை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்தையொட்டிய குப்பத்தில், மீனவர் ஒருவர் வீட்டுப் பரணில், வலைச்சுருளுக்கு அடியில் ஆறாண்டுகள் கிடந்தது இது. அவர் மகள் 2012ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பெற்றது. இப்போது கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி இதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். "இது செத்துப்போயிற்று, புதிது வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதிதுக்குப் பணம்? அதைக் கேட்க அவனுக்கு வாயில்லை.

தோழர்களே, செத்தது எது? காசிமேட்டில் விசைப்படகின் பொறி நின்றுபோனால் படகை உடைத்து அடுப்பெரிப்பார் உண்டா? பழம்பொறியைக் கழற்றி வேறு பொறி பூட்டிக் கடலுக்குப் போவார்கள். கணினியின் உடல் வேறு. அதனை ஆட்டுவிக்கும் இயங்குதளம் வேறு. வாங்கும்போதே உள்ளே குடியேற்றித் தருகின்ற கரணியத்தால் இரண்டும் ஒன்றென்றே நம்பிவிட்டோம்.

சற்றே பின்னோக்குவோம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15.9.2011 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பெற்றது. அதன் வழியாக 50 இலக்கத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைகளுக்குக் கணினி சென்றது. தொடக்கக் காலத்துக் கணினிகள் பலவற்றில் இயங்குதளங்கள் இரண்டு இருந்தன. ஒன்று மைக்ரோசாப்டின் விண்டோசு 7; அதிலும் 'இசுட்டார்ட்டர்' என்னும் கடைக்கோடிப் பதிப்பு. மற்றொன்று 'பாசு' என்னும் இலினக்சு. நடுவணரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கியது. தமிழில் இயங்க வல்லது.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்தனர்? நான் கண்ட வீடுகளில் எல்லாம் "இடத்தை அடைக்கின்றது" என்று கடைக்காரர் அழித்தார், நாமும் தலையாட்டினோம். எதற்காக? திரையின் பின்னணிப் படத்தை மாற்றிக்கொள்ளவும் இசையாத பதிப்பு அந்த இசுட்டார்ட்டர்! 2 கிகாபைட்டுக்கு மேல் நினைவகம் சேர்த்தாலும் அது கண்டுகொள்ளாது. இதோ இந்தக் கணினியின் செயலி 64 இருமக் கணக்கை ஆள வல்லது. அப்பதிப்போ 32 இருமத்தோடு நின்றுவிட்டது. யானையை ஆட்டுக்கயிற்றில் கட்டிய நிலை. 14.1.2020 அன்று விண்டோசு 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களையும் மைக்ரோசாப்டு பொதுவில் நிறுத்திக்கொண்டது. விண்டோசு 10க்கும் அந்நாள் 14.10.2025இல் வந்துவிட்டது. உடல் நலமாக இருக்கையிலேயே, எங்கோ இருப்பவன் நாள் குறிக்கின்றான்!

நாங்கள் பூட்டிய புதுப்பொறியின் பெயர் டெபியன். 1993இல் இயான் மர்டாக் தொடங்கியது. இன்று உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பேணி வருவது. நம் 'பாசு'க்கும் அதுவே அடித்தளம். அதனை எவரும் இயக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். 1983இல் ரிச்சர்டு இசுட்டால்மன் அறிவித்த குனு முயற்சியின் கொள்கையும் இதுவே.

வேலைக்கு முன் என் குற்றமொன்றைச் சொல்லியாகல் வேண்டும். ஈராண்டுகளுக்கு முன், இராயபுரத்து அம்மையார் ஒருவரின் கணினியை இவ்வாறே மாற்றித் தந்தேன். உள்ளே என்ன இருக்கின்றதென்று கேளாமல் வன்தட்டைத் துடைத்தேன். மறைந்த கணவரின் படங்கள் அதில்தான் இருந்தனவாம். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அந்தச் சொல்லாமை இன்றும் சுடுகின்றது. ஆகவே, முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளியே படியெடுங்கள், எடுத்த படியைத் திறந்தும் பாருங்கள், பிறகு கைவையுங்கள்.

டெபியனின் படிமத்தை இறக்கி விரலியில் எழுதினோம். (கடையில் பென்டிரைவ் என்றால்தான் தருவார்கள், வீட்டுக்கு வந்தபின் விரலி என்பதை எவரும் தடுக்கவில்லை.) கணினியை முடுக்கும்போதே உரிய விசையை அழுத்தி, விரலியிலிருந்து தொடங்கச் செய்தோம். முதல் திரை 'எம்மொழி?' என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இருந்தது. தம்பி அம்பை நகர்த்தாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தான். எடை குறைந்த எக்சுபேசு என்னும் திரைப்புறத்தைத் தேர்ந்து நிறுவினோம். கம்பியில்லா இணைப்பு முதலில் எழவில்லை. கைப்பேசியைக் கம்பியால் பிணைத்து, வேண்டிய இயக்கியை இறக்கியபின் எழுந்தது.

குறைகளை மறைக்க மாட்டேன். 2 கிகாபைட்டு நினைவகத்தில், உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகின்றது. கணக்குப் பதிவுக்கான சில மென்பொருள்கள் விண்டோசில்தான் ஓடும். அவ்வேலை உடையார் இதனைத் தொடாதிருப்பது நன்று. எழுத, படிக்க, நிரல் கற்க இது போதும்.

எனக்கு உறைத்தது வேறொன்று. தமிழைத் தேர்ந்து உள்ளே போனால் பாதிக்குமேல் ஆங்கிலமே நிற்கின்றது! கோப்புறை தமிழில், அதன் உள்பட்டி ஆங்கிலத்தில். தம்பி கேட்டான்: "ஐயா, யார் தடுத்தார்கள்?" யாரும் தடுக்கவில்லை, தோழர்களே. சொற்றொடர்களை மொழிபெயர்ப்பார்க்குத் திறந்தே வைத்திருக்கின்றார்கள். இணையத்தில் பெயர் பதிந்துகொண்டு எவரும் எழுதலாம். அலுவலகப் பலகையில் ஆங்கிலம் கண்டால் கொதிக்கின்ற நாம், அந்த வெற்றிடங்களை நிரப்ப எத்தனை மாலை உட்கார்ந்தோம்? நானும் உட்காரவில்லை. ஆங்காங்கே சில இளைஞர்கள் மட்டும் கூலியின்றி உழைக்கின்றனர்.

இன்னொன்று. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறுவதே இளையோர் பழக்கமாகிவிட்டது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதிலும் உண்டு. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல். புள்ளி தானே விழுந்து 'அம்மா' வந்துவிடும். அன்றிரவே தம்பி அதைப் பழகினான். முதலில் எழுதியது தன் அக்கையின் பெயர். அடுத்தது அப்பாவின் படகின் பெயர்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இதே படிப்பகத்தில் இரண்டு மேசைகள் போடுவோம். ஒன்றில் பரணிலிருக்கும் கணினிகளைக் கொண்டுவந்து வையுங்கள், மின்னூட்டியை மறவாதீர்கள். மற்றொன்றில் மொழிபெயர்க்க வேண்டிய சொற்றொடர்கள் இருக்கும். தமிழாசிரியர்கள் அகரமுதலியோடு வருக. தம்பி முன்னதாகவே வந்து கதவைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கின்றான்.